டயாலிசிஸ் போதுமா? எங்கே குறைகிறது என்று படிப்படியாகத் தேடும் வழி

மாத ரிப்போர்ட் வருகிறது. அதில் கேடி/வி, அதாவது டயாலிசிஸ் எவ்வளவு சுத்தம் செய்தது என்று காட்டும் எண், 1.05 என்று இருக்கிறது. மருத்துவர் “கொஞ்சம் குறைவா இருக்கு” என்கிறார். நோயாளிக்கு எரிச்சல் வருகிறது: “வாரம் மூணு நாள் தவறாம வரேன், நாலு மணி நேரம் அசையாம படுத்திருக்கேன், இன்னும் என்ன குறை?”

இருவர் சொல்வதும் சரிதான். ஹீமோடயாலிசிஸில், அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் முறையில், மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அளவு ஒன்று, உடம்புக்குப் போய்ச் சேரும் அளவு இன்னொன்று. நான்கு மணி நேரம், இந்த ரத்த வேகம், இந்த டயாலைசர் (ரத்தத்தை வடிகட்டும் இழைகள் கொண்ட குழல்) என்று சீட்டில் எழுதியாகிவிட்டது. அது உடம்பைச் சேர்வதற்குள் அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடுகிறது. எங்கே குறைகிறது என்று தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. பலரும் முதலில் கேட்பது “பெரிய டயாலைசர் போடலாமா?” என்றுதான். என் வரிசையில் அது ஐந்தாவது இடத்தில் வருகிறது. காரணம் போகப் போகப் புரியும்.

தொடங்கும் முன் ஒன்று. இதைப் படித்துவிட்டு மெஷினில் எதையும் நீங்களாக மாற்றச் சொல்லாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். டயாலிசிஸ் பிரிவில் சரியான கேள்வியைக் கேட்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: அந்த எண் என்ன சொல்கிறது?

போதுமான அளவைப் பார்க்க இரண்டு எண்கள் வழக்கத்தில் உள்ளன. எளிதானது யூஆர்ஆர். டயாலிசிஸுக்கு முன் ரத்தத்தில் இருந்த யூரியா என்ற கழிவில் எத்தனை சதவீதம் குறைந்தது என்பதுதான் அது. முன்பு 140, பின்பு 42 என்றால் 98 குறைந்திருக்கிறது, அதாவது 70 சதவீதம். 65-க்குக் கீழே போகக்கூடாது, 70-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. சில ஆய்வகங்கள் யூரியா என்று தரும், சில யூரியா நைட்ரஜன் என்று தரும். இரண்டு மாதிரிகளும் ஒரே அளவீட்டில் இருந்தால் சதவீதம் மாறாது.

இரண்டாவது கேடி/வி. பெயர்தான் பயமுறுத்துகிறது, உள்ளே இருப்பது பள்ளிக்கூடக் கணக்கு. ‘கே’ என்பது டயாலைசர் ஒரு நிமிடத்தில் யூரியா இல்லாமல் சுத்தமாக்கித் தரும் ரத்தத்தின் அளவு. ‘டி’ நேரம். ‘வி’ உடம்பில் இருக்கும் மொத்த நீர். மூன்றையும் ஓர் ஆளுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

60 கிலோ எடையுள்ளவர் உடம்பில் ஏறத்தாழ 35 லிட்டர் நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயாலைசர் நிமிடத்துக்கு 220 மி.லி. சுத்தம் செய்கிறது. 240 நிமிடத்தில் 52.8 லிட்டர். 35-ஆல் வகுத்தால் 1.5. அருமையான எண். இப்போது அரை மணி நேரம் குறைத்துப் பாருங்கள்: 1.32. அதோடு, ஊசியில் ஏதோ கோளாறு, சுத்தமாகும் அளவு 220-லிருந்து 180-க்கு இறங்கிவிட்டது என்றால் 1.08. இரண்டு சின்னக் குறைகள்தான், தனித்தனியாக யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். சேர்ந்தபோது வரம்புக்குக் கீழே தள்ளிவிட்டன.

வரம்பு என்பது இது: வாரம் மூன்று முறை செய்பவருக்கு ஒவ்வொரு முறையும் குறைந்தது 1.2 கிடைக்க வேண்டும். அது உறுதியாகக் கிடைக்க, 1.4-ஐ இலக்காக வைத்து எழுதுவார்கள். இந்த அளவுகோல் 1981-ல் வெளியான ஓர் அமெரிக்கக் கூட்டாய்விலிருந்து வளர்ந்தது. அதன் தரவுகளை 1985-ல் கோட்ச், சார்ஜென்ட் இருவரும் மறுபடி அலசியபோதுதான் கேடி/வி நடைமுறைக்கு வந்தது. அப்படியானால் ஏற்றிக்கொண்டே போனால் இன்னும் நல்லதா? 2002-ல் வெளியான ஹீமோ ஆய்வில் 1,846 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 1.3 அளவிலும் மற்றவர்களுக்கு 1.7 அளவிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் உயிர்வாழ்வில் வித்தியாசம் தெரியவில்லை. ஆக, 1.2-க்குக் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டும். 1.5 வந்தவர் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 1.7 என்று ஏங்க வேண்டியதில்லை.

படி 2: ரத்தம் எடுத்தது சரியா?

குறைவான எண்ணைப் பார்த்ததும் மெஷினைக் குறை சொல்வதற்கு முன், மாதிரி எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். இது கேட்கக் கூச்சமான கேள்விதான். ஆனால் தப்பான மாதிரியை வைத்துச் சரியான சிகிச்சையை மாற்றுவது வீண் வேலை.

முதல் மாதிரி, ஊசி போட்டவுடன், உப்புநீரோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தோ உள்ளே போவதற்கு முன் எடுக்கப்பட வேண்டும். உப்புநீர் கலந்தால் யூரியா குறைவாகக் காட்டும். தொடக்கமே குறைவாக இருந்தால், குறைந்த சதவீதமும் குறைவாகத் தெரியும். இரண்டாவது மாதிரிதான் வம்பு. மெஷினிலிருந்து உடம்புக்குத் திரும்பும் குழாயிலிருந்து எடுத்துவிட்டால் அது ஏற்கெனவே சுத்தமான ரத்தம். எண் பிரமாதமாக வரும், ஆனால் பொய். உடம்பிலிருந்து வெளியே வரும் பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். அதிலும் பம்பை நிமிடத்துக்கு 100 மி.லி. அளவுக்குக் குறைத்து, 15 வினாடி விட்டு எடுப்பது முறை. ஊசிகளுக்கிடையே சுத்தமான ரத்தமே திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தால் அதன் பாதிப்பு மாதிரியில் வராமலிருக்கத்தான் இந்த நிதானம்.

ரொம்பத் தாமதமாக எடுத்தாலும் மாறும். டயாலிசிஸ் முடிந்த பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை, தசைகளிலும் திசுக்களிலும் தங்கியிருந்த யூரியா ரத்தத்துக்குத் திரும்புவதால் அளவு மெல்ல ஏறும். அதனால்தான் கிடைக்கும் எண்ணை விட உண்மையான எண் சுமார் 0.2 குறைவு என்று மருத்துவர்கள் மனதில் ஒரு கழிவு வைத்திருப்பார்கள். வேகமாகக் குறைந்த நேரத்தில் செய்தால் இந்தத் திரும்பல் அதிகம், நிதானமாகச் செய்தால் குறைவு.

இரண்டு மாதிரிகளும் ஒரே நாள் டயாலிசிஸில் எடுத்ததா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், குழம்புவது உண்டு.

படி 3: நிமிடங்களை எண்ணுங்கள்

மாதிரி சரி என்றால், அடுத்து கடிகாரம். என் கணிப்பில் குறையின் பெரும்பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

நான்கு மணி நேரம் என்று எழுதியிருக்கிறது. உள்ளே வந்தது எப்போது, வெளியே போனது எப்போது என்று பார்த்தால் நான்கரை மணி கூட இருக்கும். அது கணக்கு இல்லை. ரத்தம் டயாலைசருக்குள் ஓடிய நிமிடங்கள்தான் கணக்கு. அலாரம் அடித்துப் பம்ப் நின்ற நேரம், ஊசியைச் சரிசெய்த நேரம், கழிப்பறைக்குப் போக எழுந்த நேரம், ரத்த அழுத்தம் குறைந்து வேகத்தைத் தணித்த நேரம் எல்லாம் கழிந்துவிடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. டயாலைசருக்குள் ரத்தத்திலிருந்து கழிவை வாங்கிக்கொள்ளும் திரவம்தான் டயாலிசேட். அதன் வெப்பநிலையோ கலவையோ மாறினால், மெஷின் அந்த திரவத்தை டயாலைசருக்கு விடாமல் பக்கவழியாக வெளியே தள்ளும். ரத்தம் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும், சுத்தம் மட்டும் நடக்காது.

அப்புறம் “பத்து நிமிஷம் முன்னாடி எடுத்துவிடுங்க, வண்டி காத்திருக்கு” என்ற பழக்கம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஒன்றுமில்லைதான். வாரம் மூன்று முறை, வருடம் 52 வாரம்: 1,560 நிமிடம், அதாவது 26 மணி நேரம். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஆறரை முறை செய்யாமல் விட்டதற்குச் சமம்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு சின்ன நோட்டு வாங்கி, பம்ப் ஓடத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நடுவில் எத்தனை முறை நின்றது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். முடியும்போது மெஷின் திரையில் ‘சுத்தமான ரத்தத்தின் மொத்த அளவு’ என்று லிட்டர் கணக்கில் ஓர் எண் இருக்கும். அது டயாலைசர் வழியாக ஓடிய ரத்தம். ரத்த வேகம் நிமிடத்துக்கு 300 மி.லி., நேரம் 240 நிமிடம் என்றால் 72 லிட்டர் இருக்க வேண்டும். 61 என்று காட்டினால் 11 லிட்டர் எங்கே போனது என்று கேட்கலாம். இதைவிட நல்ல கேள்வி டயாலிசிஸ் அறையில் கிடையாது.

சிறுநீர் கிட்டத்தட்ட நின்றுபோனவர், வாரம் மூன்று முறை செய்பவர் என்றால் ஒரு முறைக்கு மூன்று மணி நேரத்துக்குக் கீழே போகவே கூடாது. நான்கு மணி என்பது நியாயமான அளவு. பெரிய உடம்புக்காரருக்கு அதுவும் போதாமல் போகலாம்.

படி 4: ரத்தம் வந்து போகும் வழி

நேரமும் சரி என்றால், சந்தேகம் பிஸ்டுலா பக்கம், அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய் பக்கம், திரும்புகிறது. இதை அவசரப்படாமல் பார்க்க வேண்டும்.

திரையில் 350 என்று இருப்பதாலேயே 350 ஓடுகிறது என்று அர்த்தமில்லை. அது பம்ப் உருளை சுற்றும் வேகத்தை வைத்துப் போடும் கணக்கு. குழாய்க்குள் போதிய ரத்தம் வராமல் அது ஒட்டி நசுங்கினால், உருளை அதே வேகத்தில் சுற்றும், ரத்தம் குறைவாகவே போகும். இதைக் காட்டிக்கொடுப்பது பம்புக்கு முன்னால் உள்ள அழுத்தம். அது மைனஸில் இருக்கும். மைனஸ் 250-ஐத் தாண்டிக் கீழே இறங்கினால், திரையில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். ரத்த அணுக்கள் உடையும் ஆபத்தும் உண்டு.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஊசி. கேஜ் எண் கூடினால் ஊசி மெலியும். 17 கேஜ் மெல்லியது, புதிய பிஸ்டுலாவுக்கு ஏற்றது, ஆனால் வேகத்தை 250-ஐத் தாண்டி ஏற்றினால் திணறும். 16 கேஜ், 15 கேஜ் என்று தடிமன் கூடக் கூட 300, 400 என்று போக முடியும். பிஸ்டுலா முதிர்ந்து மாதங்கள் ஆன பிறகும் பழக்கத்தில் 17-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. தடித்த ஊசி வலிக்கும் என்ற பயம் நியாயமானதுதான், மரத்துப்போகும் களிம்பு போட்டுச் சமாளிக்கலாம். மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாக மாற்றுவது நல்லது.

அடுத்து ஊசிகளின் இடைவெளி. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இருக்கட்டும். நெருக்கமாகப் போட்டால் சுத்தமாகித் திரும்பிய ரத்தத்தையே மெஷின் மறுபடி உறிஞ்சும். மறுசுழற்சி என்பது இதுதான். உடம்பின் அழுக்கு ரத்தம் வெளியே காத்திருக்க, சுத்தமான ரத்தம் சுற்றிச் சுற்றி வரும். பிஸ்டுலாவில் ஓடும் ரத்தமே பம்ப் கேட்பதைவிடக் குறைவாக இருந்தாலும் இது நடக்கும். பம்ப் 350 கேட்கிறது, பிஸ்டுலாவில் வருவது 300 என்றால், மீதி 50-ஐத் திரும்பிய ரத்தத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அங்கே வேகத்தை ஏற்றுவதால் லாபம் இல்லை.

நன்றாக முதிர்ந்த பிஸ்டுலாவை ‘ஆறு’ என்ற எண்ணை வைத்து நினைவில் வைப்பார்கள்: நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டம், 6 மி.மீ. அகலம், தோலுக்கு அடியில் 6 மி.மீ.க்குள் ஆழம், அறுவை முடிந்து 6 வாரத்தில் இதைச் சோதிப்பது. வீட்டில் நீங்கள் பார்க்க முடிவது, பிஸ்டுலாவின் மேல் தொட்டால் தெரியும் அதிர்வு. தினமும் காலையில் விரலை வைத்துப் பாருங்கள். அதிர்வு மங்கி வெறும் துடிப்பாக மாறுவது, கை வீங்குவது, ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமாவது, திரும்பும் பக்க அழுத்தம் வாரத்துக்கு வாரம் ஏறுவது எல்லாம் ரத்தக்குழாய் எங்கோ குறுகுகிறது என்பதன் அடையாளங்கள். கேடி/வி குறைந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இவற்றை முன்பே சொல்லிவிட்டால் ஸ்கேன் பார்த்து, பலூன் வைத்து விரிக்க நேரம் கிடைக்கும். அதிர்வு முழுதாக நின்றுவிட்டால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.

பிஸ்டுலாவுக்குப் பதில் கழுத்தில் கத்தீட்டர் என்ற குழாய் உள்ளவர்களுக்குக் கதை வேறு. அதில் வேகம் பொதுவாகக் குறைவு, உள்ளே உறைவு படிந்தால் இன்னும் குறையும். ரத்தம் வராதபோது இரண்டு குழாய்களையும் மாற்றி இணைத்து அன்றைய பொழுதை ஓட்டுவது உண்டு. ஒரு நாளைக்குச் சரி. அதுவே தினசரி வழக்கமானால் மறுசுழற்சி கூடும். “இன்றைக்கும் மாற்றித்தான் போட்டிருக்கிறீர்களா?” என்று கேளுங்கள்.

படி 5: டயாலைசரும் டயாலிசேட்டும்

இப்போது டயாலைசருக்கு வரலாம். இங்கே சொல்ல அதிகம் இல்லை. பரப்பளவு கூடினால் சுத்தம் கூடும், ஆனால் போதிய ரத்தம் உள்ளே வந்தால்தான். 200 வேகத்தில் ஓடும் ரத்தத்துக்குப் பெரிய டயாலைசர் போடுவது, சொட்டும் குழாய்க்கு அடியில் அண்டாவை வைப்பது போல.

மறுபடி பயன்படுத்தும் டயாலைசர் என்றால் ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் அதன் இழைகளின் கொள்ளளவை அளக்க வேண்டும். புதிதாக இருந்தபோது இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போடவேண்டியதுதான். டயாலிசிஸ் முடிந்ததும் டயாலைசரை ஒருமுறை பாருங்கள். கரும்சிவப்புக் கோடுகள் நிறையத் தெரிந்தால் இழைகள் அடைத்திருக்கின்றன. ஹெபாரின் அளவை மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

டயாலிசேட் வேகம் வழக்கமாக 500. அதை 800 ஆக்கினால் கொஞ்சம் பலன் வரும், எதிர்பார்க்கும் அளவுக்கு வராது. ரத்தமும் டயாலிசேட்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றனவா என்பது மட்டும் முக்கியம்.

படி 6: தண்ணீர் எடுப்பதில் வரும் இடறல்

கேடி/வி யூரியாவைப் பற்றியது, தண்ணீரைப் பற்றியது அல்ல. ஆனால் தண்ணீர்தான் பல நாள் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துகிறது. அதிகம் ஏறியிருக்கிறது, வேகமாக எடுக்கிறார்கள், மூன்றாவது மணியில் ரத்த அழுத்தம் சரிகிறது, காலில் தசை இழுக்கிறது, உப்புநீர் ஏற்றி, பம்பைத் தணித்து, கடைசியில் அரை மணி முன்பே முடித்து அனுப்புகிறார்கள். தண்ணீரும் முழுதாகப் போகவில்லை, யூரியாவும் போகவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு, ஒரு கிலோ எடைக்கு 13 மி.லி.க்கு மேல் எடுப்பது இதயத்துக்கு நல்லதல்ல என்பது பரவலாக ஏற்ற கருத்து. 10-க்குள் இருந்தால் இன்னும் நிம்மதி. 13 என்ற உச்ச வரம்பில் 60 கிலோ உள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் 3.1 லிட்டர் என்று வரும். மூன்று மணி நேரத்தில் முடிக்க நினைத்தால் 2.3 லிட்டர்தான். நேரத்தைக் குறைக்கச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறும் எடை, டிரை வெயிட்டில் (மிகை நீர் நீங்கிய பிறகு இருக்க வேண்டிய எடை) 4 சதவீதத்தை ஒட்டி நின்றால் எல்லோருக்கும் சுலபம். அதற்குத் தண்ணீரைக் குறை என்று மட்டும் சொல்வது அரைகுறை அறிவுரை. உப்பைக் குறைக்காதவரிடம் தாகத்தை அடக்கு என்பது நடக்காத காரியம். நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராம் உப்புக்குள் வந்தால் தாகம் தானாகத் தணியும். அழுத்தம் அடிக்கடி சரிகிறவர்கள் மூன்று விஷயங்களை மருத்துவரிடம் கேட்கலாம்: அழுத்த மாத்திரையை டயாலிசிஸ் நாளில் எப்போது போடுவது, டிரை வெயிட் இன்னும் சரியானதுதானா, டயாலிசேட்டைக் கொஞ்சம் குளிர்ச்சியாக வைக்க முடியுமா. படுக்கையில் இருக்கும்போது வயிறு நிறையச் சாப்பிடுவதும் அழுத்தத்தைக் கீழே இழுக்கும்.

டிரை வெயிட் நிலையானது அல்ல. உடம்பு தேறிச் சதை போட்டால் ஏறும், காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் இறங்கும்.

படி 7: உங்கள் உடம்பும், மிச்சமிருக்கும் சிறுநீரகமும்

மேலே சொன்ன அதே 52.8 லிட்டரை 80 கிலோ ஆளுக்குப் பொருத்துங்கள். அவர் உடம்பில் நீர் 46 லிட்டர் இருக்கும். கேடி/வி 1.15-தான் வரும். யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை, சீட்டில் எழுதியதே அவருக்குப் போதவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே வேகம் என்று ஓட்டும் இடங்களில் பெரிய உடம்புக்காரர்கள்தான் முதலில் பின்தங்குவார்கள். மெலிந்த உடம்புக்கு நேர்மாறு: எண் சுலபமாக எகிறும். சத்துக்குறைவால் மேலும் மெலிந்தால் எண் இன்னும் அழகாகத் தெரியும். அதை முன்னேற்றம் என்று நினைத்துவிடக் கூடாது.

நாளொன்றுக்கு ஓரளவு சிறுநீர் இன்னும் போகிறது என்றால் அது சொத்து. மெஷின் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிறது, அந்த மிச்சச் சிறுநீரகம் இரவும் பகலும் செய்கிறது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போதும் என்று சிலருக்கு மருத்துவர் சொல்வது அதை நம்பித்தான். ஆகவே அவ்வப்போது சிறுநீரைச் சேகரித்து அளக்க வேண்டும். அளவு குறைந்த பிறகும் இரண்டு முறையிலேயே தொடர்வது ஆபத்து. ‘ரெண்டு நாளும் 1.8 வருகிறது, மூணு நாள் 1.2-க்குச் சமம்தானே’ என்று கூட்டிக் கணக்குப் போடுவதும் தப்பு. நடுவில் வரும் நீண்ட இடைவெளியில் பொட்டாசியமும் நீரும் ஏறுவதை எந்தக் கூட்டலும் சரிசெய்யாது. மூட்டுவலி, தலைவலிக்குத் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் அந்த மிச்சத்தையும் தின்றுவிடும்.

படி 8: எண் சொல்லாதது

யூரியா சின்ன மூலக்கூறு, சீக்கிரம் வெளியேறும். பாஸ்பரஸ் அப்படியில்லை. செல்களுக்குள்ளிருந்து ரத்தத்துக்கு மெதுவாகத்தான் வரும், எனவே வேகத்தைவிட நேரத்துக்குத்தான் அது மசியும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு, துளைகள் பெரிதாக உள்ள ஹை ஃப்ளக்ஸ் டயாலைசர் தேவை. அதனால் கேடி/வி 1.4 வந்தும் அரிப்பு, பசியின்மை, கால் குடைச்சல், தூக்கமின்மை, அடங்காத ரத்த அழுத்தம் இருந்தால் “எண் சரியா இருக்கே” என்ற பதிலோடு நிறுத்த வேண்டாம். நேரத்தைக் கூட்டுவது பற்றிப் பேசுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. டயாலிசிஸுக்கு முன் எடுத்த யூரியா மாதத்துக்கு மாதம் இறங்குகிறது என்று குடும்பம் சந்தோஷப்படும். சரியாகச் சாப்பிடாதவருக்கும் யூரியா இறங்கும். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதமும் எடையும் சேர்ந்து இறங்கினால் அந்தக் குறைந்த யூரியா நல்ல செய்தி இல்லை.

மாற்றிய பிறகு

கண்டுபிடித்ததை ஒவ்வொன்றாக மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி, வேகம், டயாலைசர் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது என்று யாருக்கும் தெரியாது. ஓர் எண்ணை மட்டும் வைத்தும் முடிவெடுக்க வேண்டாம். அன்றைக்கு அலாரம் அதிகம் அடித்திருக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பரிசோதனையில் தொடர்ந்து மூன்று எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அன்றைய உண்மையான நிமிடங்கள், ரத்த வேகம், ஊசியின் கேஜ், பம்புக்கு முன்னால் இருந்த அழுத்தம், எடுத்த தண்ணீர் ஆகியவற்றை அந்த நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை 1.05 வரும்போது, நோட்டைத் திறந்து எந்த வரி மாறியிருக்கிறது என்று மருத்துவரோடு சேர்ந்து பார்த்துவிடலாம்.